அத்தியாயம் 9: யூவி 3-ஐத் தாண்டினால் – உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையும் ஆஸ்திரேலிய வெயிலும்

ஆஸ்திரேலியாவில் தொடக்கப் பள்ளி முடியும்வரை பிள்ளையின் தொப்பியைப் பற்றிப் பெற்றோர் அதிகம் கவலைப்படத் தேவையில்லை. அதைப் பள்ளியே பார்த்துக்கொள்ளும். தொப்பி இல்லாத பிள்ளைக்கு மைதானத்தில் விளையாட்டு இல்லை என்பது பல பள்ளிகளில் நடைமுறை. உயர்நிலைப் பள்ளிக்குப் போன முதல் கோடையிலேயே அந்தத் தொப்பி புத்தகப் பையின் அடிக்குப் போய்விடும். அங்கே விதி தளர்வாக இருக்கும், நண்பர்கள் யாரும் போடமாட்டார்கள், தலைமுடி கலைந்துவிடுமே என்ற கவலை வேறு.

இந்த அத்தியாயம் 7 முதல் 12 வரையான அந்த ஆறு வகுப்புகளுக்கானது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரையும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பாடம் சொல்லும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதியது.

இந்த நாட்டில் ஏன் இவ்வளவு பேச்சு?

உலகிலேயே தோல் புற்றுநோய் மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளில் ஒன்று ஆஸ்திரேலியா. 70 வயதை அடைவதற்குள் மூன்று பேரில் இருவருக்கு ஏதோ ஒரு வகைத் தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை வெட்டி எடுத்தால் குணமாகிவிடும் வகைகள். மெலனோமா அப்படியல்ல, கவனிக்காமல் விட்டால் உடலுக்குள் பரவும். இளம் வயதினரையும் அது தாக்கும்.

காரணங்கள் பல. நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கிறது; காற்றில் தூசியும் புகையும் குறைவு. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக நெருக்கமாக வருகிறது. தென்பாதிக்கு அதுதான் கோடை. இத்தனைக்கும் நடுவே வாழும் மக்களில் பெரும்பாலோர், மேகமூட்டமான வட ஐரோப்பாவுக்கு ஏற்ற வெளிர் தோல் கொண்டவர்கள். கடற்கரை, கிரிக்கெட், வீட்டு முற்றத்துச் சமையல் என்று அவர்களின் வாழ்க்கையில் பெரும்பகுதி வெளியில்தான் கழிகிறது.

"நாங்கள் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பார்க்காத வெயிலா?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே புற ஊதாக் கதிர் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே வெப்பமே ஆளை நிழலுக்குத் துரத்திவிடும். பன்னிரண்டு மணிக்கு வயலில் நிற்பவர்கூடத் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார். மெல்பேர்னில் 22 டிகிரி வெப்பத்தில் இதமாகக் காற்று வீசும் ஜனவரி நாளிலும் புற ஊதாக் கதிர் உச்சத்தில் இருக்கலாம். உடல் எந்த எச்சரிக்கையும் தராது, பிள்ளை நான்கு மணி நேரம் மைதானத்தில் நின்றுவிடும். வெப்பத்தை வைத்து வெயிலை அளக்கும் ஊர்ப் பழக்கம் இங்கே நம்மை ஏமாற்றும் இடம் இதுதான்.

ஒரே ஓர் எண்: 3

புற ஊதாக் கதிரைக் கண்ணால் பார்க்க முடியாது, தோலால் உணர முடியாது. அதனால்தான் அதற்கு ஓர் எண் வைத்திருக்கிறார்கள். வானிலை அறிக்கையில் யூவி குறியீடு என்று வருவது அது.

• 0 முதல் 2 வரை: குறைவு
• 3 முதல் 5 வரை: மிதமானது
• 6, 7: அதிகம்
• 8 முதல் 10 வரை: மிக அதிகம்
• 11-உம் அதற்கு மேலும்: உச்சம்

3-ஐத் தொட்டால் பாதுகாப்பு தேவை என்பது இங்குள்ள பொது விதி. மெல்பேர்னில் ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முடிவுவரை பகலின் ஒரு பகுதியிலாவது 3-ஐத் தாண்டும். பிரிஸ்பேனில் ஆண்டு முழுவதும் தாண்டும். கோடையில் பகல்சேமிப்பு நேரம் நடக்கும் மாநிலங்களில் உச்சம் பிற்பகல் 1 மணியை ஒட்டி வருகிறது. அது பள்ளியின் மதிய இடைவேளை நேரம் என்பதைக் கவனியுங்கள். மெல்லிய மேகத்தை ஊடுருவிக்கொண்டும் கதிர் வரும்.

சன்ஸ்மார்ட் செயலியை இலவசமாகத் தரவிறக்கலாம். உங்கள் ஊரில் இன்று எத்தனை மணிக்கு 3-ஐத் தாண்டும், எத்தனை மணிக்கு மீண்டும் இறங்கும் என்று அது சொல்லும். செயலியைப் பிள்ளையின் தொலைபேசியில் போட்டுக்கொடுங்கள். எண்ணைப் பார்த்துச் சொல்லும் வேலையையும் வீட்டில் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. பதின்வயதினர் சிலர் இதே எண்ணைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். தோலைப் பழுப்பாக்கிக்கொள்ள எந்த நேரத்தில் யூவி அதிகம் என்று தேடி, அந்த நேரத்தில் போய்ப் படுப்பார்கள். சமூக ஊடகங்களில் இது அவ்வப்போது பரவும் மோகம். உங்கள் பிள்ளை செய்யாவிட்டாலும் வகுப்புத் தோழி செய்யக்கூடும்.

மாநிறத் தோலுக்கும் இது பொருந்துமா?

இதற்கு நேர்மையான பதில் தேவை. மிகைப்படுத்திச் சொன்னால் பிள்ளை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, அப்புறம் நீங்கள் சொல்வது எதையும் நம்பாது.

நம் தோலில் உள்ள மெலனின் இயற்கையான கவசம். வெளிர் தோலுள்ளவர்களோடு ஒப்பிட்டால் நமக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. 2024-இல் ஆஸ்திரேலிய மருத்துவ, ஆய்வு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையும் எல்லாருக்கும் ஒரே அறிவுரை என்பதைக் கைவிட்டு, தோல் நிறத்தையும் ஆபத்தையும் வைத்து மக்களை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. கருமையான தோல் உள்ளவர்கள் ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் சன்ஸ்கிரீன் பூச வேண்டியதில்லை. நீண்ட நேரம் வெளியில் இருக்கும்போதுதான் அவர்களுக்கு அது தேவை. வைட்டமின் டி உருவாக நமக்கு அதிக நேர வெயிலும் வேண்டும். எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைக்கு அந்தக் குறைபாடு வரலாம். சந்தேகம் இருந்தால் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்படியானால் நாம் கவலைப்பட என்ன இருக்கிறது? நான்கு விஷயங்கள்.

முதலாவது, தமிழர் எல்லாருக்கும் ஒரே நிறமில்லை. எளிதில் சிவந்து எரியும் தோல் உள்ள பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. கலப்புத் திருமணக் குடும்பங்களும் உண்டு. தோல் எரிகிறதா, எவ்வளவு சீக்கிரம் எரிகிறது என்பதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, மெலனின் கண்ணைக் காக்காது. புற ஊதாக் கதிர் நாளடைவில் கண்புரைக்கு வழிவகுக்கும்.

மூன்றாவது, முகத்தில் விழும் மங்கும், பரு ஆறிய இடத்தில் நிற்கும் கரும்புள்ளியும் வெயிலில் மோசமாகும். மாநிறத் தோலில் அவை மறைய மாதக்கணக்காகும்.

நான்காவதுதான் முக்கியம். கருமையான தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வரும்போது அது பெரும்பாலும் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி போன்ற இடங்களில் வருகிறது. வெயிலுக்கும் இந்த வகைக்கும் பெரிய தொடர்பில்லை. சன்ஸ்கிரீன் இதைத் தடுக்காது. 'நமக்கு இதெல்லாம் வராது' என்ற நம்பிக்கையால் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதே இதில் ஆபத்து. 1981-இல் 36 வயதில் இறந்த பாடகர் பாப் மார்லிக்கு வந்தது கால் விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமா.

"கறுத்துப் போவாய்" என்று சொல்லாதீர்கள்

தமிழ் வீடுகளில் வெயிலைப் பற்றிய எச்சரிக்கைக்குப் பஞ்சமில்லை. "வெயிலில் நிற்காதே, கறுத்துப் போவாய்" என்று கேட்காமல் வளர்ந்த பெண் பிள்ளை அரிது. அறிவுரை ஏறக்குறையச் சரி, காரணம்தான் தவறு. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல், 'உன் நிறம் ஒரு குறை' என்றுதான் கேட்கும். பள்ளியில் நிறத்தைப் பற்றி ஏற்கெனவே ஒன்றிரண்டு கேலிகளைக் கேட்டிருக்கலாம். அதோடு இதுவும் சேரும்போது பிள்ளை கோபப்பட்டு, நிறத்தைப் பற்றிய பேச்சோடு தொப்பியையும் தூக்கி எறிந்துவிடும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆகவே நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்குக் கிளம்பும் மகனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"தம்பி, இண்டைக்கு யூவி 11 எண்டு போட்டிருக்கு. நாலு மணித்தியாலம் ஃபீல்டிங். கிரீமைப் பையில வைச்சிட்டியோ?"

இதில் பயமுறுத்தல் இல்லை, அழகு பற்றிய தீர்ப்பும் இல்லை. அன்றைய நாளுக்கான தகவலும் ஒரு கேள்வியும் மட்டுமே இருக்கின்றன.

புற்றுநோயைச் சொல்லி மிரட்டுவதும் இந்த வயதில் எடுபடாது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஐம்பது வயது என்பது வேறொருவரின் வயது. பக்கத்தில் இருக்கும் விளைவைக் காட்டினால் காது கொடுப்பார்கள். பிரேசில் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வில், மாணவர்களின் சொந்த முகப் படத்தில் வெயில் பல ஆண்டுகளில் என்ன செய்யும் என்பதைச் செயலி மூலம் காட்டினார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த மாணவர்களிடம் தினமும் சன்ஸ்கிரீன் பூசும் பழக்கம் கூடியிருந்தது.

சன்ஸ்கிரீன் உண்மையில் வேலை செய்கிறதா என்று விவாதிக்கும் பிள்ளைக்கு குயின்ஸ்லாந்தின் நம்பூர் ஊரில் நடந்த ஆய்வைச் சொல்லலாம். 1992 முதல் 1996 வரை, 1,600-க்கும் மேற்பட்ட பெரியவர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைத் தினமும் பூசச் சொன்னார்கள். மற்றவர்கள் தம் விருப்பப்படி பூசினார்கள். தினமும் பூசியவர்களிடம் செதிள்செல் புற்றுநோய் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. பின்னர் தொடர்ந்து கவனித்ததில் அவர்களிடம் மெலனோமாவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. தோல் முதுமையும் குறைவாக இருந்தது.

தோலைப் பழுப்பாக்கும் மோகத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால் கிளேர் ஆலிவரின் கதையைச் சொல்லுங்கள். மெல்பேர்னைச் சேர்ந்த இளம்பெண். தோலைப் பழுப்பாக்கும் செயற்கை ஒளிப் படுக்கைகளின் ஆபத்தைத் தன் கடைசி நாட்களில் ஊடகங்கள் வழியே எடுத்துச் சொல்லிவிட்டு, 2007-இல் 26 வயதில் மெலனோமாவால் இறந்தார். அந்தக் குரல் சட்டத்தை மாற்றத் தூண்டியது. 2015 தொடங்கியபோது பெரும்பாலான மாநிலங்களில் வணிக ஒளிப் படுக்கைகள் தடைசெய்யப்பட்டிருந்தன.

ஐந்து பழக்கங்கள்: வாங்கும்போதும் பூசும்போதும்

1981-இல் விக்டோரியாவில் சிட் என்ற கடற்பறவைக் கார்ட்டூன் பாடி ஆடிக்கொண்டே மூன்று பழக்கங்களை நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது: சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை. 2007-இல் நிழல் தேடு, கண்ணாடி மாட்டு என்ற இரண்டும் சேர்ந்தன. பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலேயே இவற்றைக் கற்றிருப்பார்கள். உயர்நிலைப் பள்ளி வயதில் கவனிக்க வேண்டிய நுணுக்கங்கள் இவை.

*சட்டை.* கழுத்துப்பட்டையும் முழங்கைவரை கையும் உள்ள, நெருக்கமாக நெய்த துணியே நல்லது. கிரிக்கெட்டுக்கும் நீச்சலுக்கும் முழுக்கை விளையாட்டுச் சட்டை வாங்குங்கள். யூபிஎஃப் 50+ என்ற குறி இருந்தால் துணி சோதிக்கப்பட்டது என்று பொருள். கிரீம் பூச மறுக்கும் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டைதான் எளிய வழி.

*சன்ஸ்கிரீன்.* எஸ்பிஎஃப் 50 அல்லது 50+, யூவிஏ, யூவிபி என்ற இரு வகைக் கதிரையும் தடுப்பது, வியர்வைக்கு ஓரளவு தாங்குவது என்று பார்த்து வாங்குங்கள். இங்கு முறைப்படி அனுமதி பெற்ற சன்ஸ்கிரீன் புட்டியில் 'ஆஸ்ட் எல்' என்று தொடங்கும் எண் இருக்கும். ஊரிலிருந்து வரும் 'வெள்ளையாக்கும்' கிரீமில் எஸ்பிஎஃப் என்று அச்சிட்டிருந்தாலும் அதை நம்பி மைதானத்துக்கு அனுப்பாதீர்கள்.

வெயிலில் இறங்க 20 நிமிடம் முன்னதாகப் பூச வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். 50+ என்று போட்டிருப்பதால் இந்த இடைவெளி நீளாது. அளவு: முகம், கழுத்து, காதுக்கு ஒரு தேக்கரண்டி, ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் ஒன்று, மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. பெரும்பாலோர் இதில் பாதிகூடப் பூசுவதில்லை. 30 டிகிரிக்கு மேல் சூடானால் கிரீம் கெடும் என்பதால் காருக்குள் விடாதீர்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

'முகமெல்லாம் சாம்பல் பூசின மாதிரி இருக்கு' என்று பிள்ளை சொன்னால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். துத்தநாக ஆக்சைடு அதிகமுள்ள கிரீம்கள் மாநிறத்தில் வெளிறித் தெரியும். நிறமின்றி உலரும் ஜெல் வகையோ நிறச்சாயம் சேர்த்த வகையோ கிடைக்கும். கடைக்குப் பிள்ளையையும் கூட்டிப்போய், கையில் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முகப்பரு இருந்தால் எண்ணெய்ப் பசையில்லாத வகையைக் கேளுங்கள். பருவுக்காக டாக்ஸிசைக்ளின் அல்லது ஐசோட்ரெட்டினாயின் எடுக்கும் பிள்ளையின் தோல் வெயிலில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எரியும். அந்த மாதங்களில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

*தொப்பி.* முன்னால் மட்டும் நீட்டிய தொப்பி நெற்றியைத்தான் காக்கும்; காதும் பின்கழுத்தும் வெளியே இருக்கும். சுற்றிலும் விளிம்புள்ளதே வேண்டும். வாளித் தொப்பி என்றால் விளிம்பு குறைந்தது 6 செ.மீ. இருக்கட்டும். இந்த வயதில் அகன்ற தொப்பியைவிட வாளித் தொப்பியைப் பிள்ளைகள் எளிதாக ஏற்றுக்கொள்வார்கள்.

*நிழலும் கண்ணாடியும்.* வெயிலுக்குக் குடை பிடிக்கும் நம் பழக்கம் இங்கே கூச்சப்பட வேண்டிய ஒன்றல்ல. பார்வையாளராக நிற்கும் பெற்றோர் குடையோடு நின்றால் இடைவேளையில் பிள்ளைகளும் அதன் அடிக்கு வருவார்கள். குளிர்கண்ணாடி வாங்கும்போது ஆஸ்திரேலியத் தர எண் 1067 இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி கறுப்பாக இருப்பதால் மட்டும் கதிர் நின்றுவிடாது.

பள்ளியிடம் என்ன கேட்பது?

முதல் பருவத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் பல பள்ளிகள் நீச்சல் விழாவையும் தடகள விழாவையும் வைக்கின்றன. அப்போதும் யூவி மிக அதிகமாகவே இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் கேட்கக்கூடிய கேள்விகள்:

• உடற்கல்வி வகுப்பிலும் விளையாட்டு விழாவிலும் தொப்பி கட்டாயமா?
• காத்திருக்கும் மாணவர்களுக்குக் கூடாரமோ நிழலோ உண்டா?
• சன்ஸ்கிரீன் பொது இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா? பூச நேரம் தருகிறார்களா?
• ஓட்டப் போட்டிகளைக் காலையில் முடிக்க முடியுமா?
• ஆசிரியர்கள் தொப்பி போடுகிறார்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் தான் செய்யாததைப் பெரியவர் கட்டாயப்படுத்தினால் எந்தப் பதின்வயதுப் பிள்ளையும் கேட்காது; அது பெற்றோருக்கும் பொருந்தும். மாணவர் மன்றத்தில் உங்கள் பிள்ளை இருந்தால், சீருடைத் தொப்பியை மாணவர்களே வடிவமைக்கலாம் என்று முன்மொழியச் சொல்லுங்கள். தாங்களே தேர்ந்தெடுத்ததை அணியக் கூச்சம் இருக்காது.

தமிழ்ப் பள்ளியில் 40 நிமிடப் பாடம்

*முதல் 10 நிமிடம்.* சன்னல் வழியே வானத்தைப் பார்த்து இன்றைய யூவி என்னவாக இருக்கும் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதட்டும். பிறகு செயலியைத் திறந்து சரிபாருங்கள். குளிரான, மேகமான நாளில் நடத்தினால் பெரும்பாலான கணிப்புகள் தவறும், பாடமே அதுதான்.

*அடுத்த 10 நிமிடம்.* கதிர்வீச்சுப் பாதுகாப்பு முகமையான ஆர்பன்சா, முக்கிய நகரங்களின் யூவி அளவை உடனுக்குடன் வரைகோடாக இணையத்தில் காட்டுகிறது. அதைப் பார்த்து, பள்ளி நாளின் எந்த மணி நேரங்கள் 3-க்கு மேல் வருகின்றன என்று கணக்கிடச் சொல்லுங்கள்.

*மூன்றாவது 10 நிமிடம்.* முந்தைய வாரமே ஒரு வேலை கொடுத்திருக்க வேண்டும். தாத்தா பாட்டி, அப்பப்பா அம்மம்மாவிடம், ஊரில் வயலிலும் கடலிலும் வேலை செய்தவர்கள் வெயிலை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டு வர வேண்டும். தலைத்துண்டு, ஓலைத் தொப்பி, முழுக்கைச் சட்டை, நடுப்பகலில் வேலை நிறுத்தம் என்று பதில்கள் வரும். அவற்றை ஐந்து பழக்கங்களோடு பொருத்திப் பார்க்கட்டும்.

*கடைசி 10 நிமிடம்.* பள்ளியின் அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒலிபெருக்கியில் வாசிக்க, நான்கு வரி அறிவிப்பு ஒன்றை மாணவர்களே தமிழில் எழுதட்டும். போட்டியன்று அதை அவர்களே ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் வாசிக்கட்டும். கிரீமும் குடிநீரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வருபவர் கண்ணில் அது படும்.

தோலைத் தானே பார்க்கப் பழக்குதல்

பதின்வயதில் உடலைப் பெற்றோரிடம் காட்டக் கூச்சம் வந்துவிடும். ஆகவே தானே பார்க்கக் கற்றுக்கொடுங்கள். மச்சங்களில் கவனிக்க வேண்டியவை ஐந்து: இரு பாதியும் ஒத்திராமை, ஓரம் ஒழுங்கற்றிருத்தல், ஒரே மச்சத்தில் பல நிறங்கள், 6 மி.மீ.க்கு மேற்பட்ட அகலம், நாளுக்கு நாள் மாற்றம். ஐந்தில் மாற்றம்தான் மிக முக்கியமானது. மேலெழும்பி, கெட்டியாகி, வாரக்கணக்கில் வளரும் புடைப்பு எந்த நிறத்தில் இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நான்கு வாரமாகியும் ஆறாத புண்ணும் அப்படியே.

நம் பிள்ளைகள் இந்தப் பட்டியலோடு உள்ளங்கையையும் உள்ளங்காலையும் நகங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கருமையான தோல் உள்ளவர்களின் நகத்தில் மெல்லிய பழுப்புக் கோடு இருப்பது பெரும்பாலும் கெடுதலில்லாதது. ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கோடும், நகத்தைத் தாண்டித் தோலில் பரவும் கருமையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. 'கால்பந்தில் அடிபட்டதுதான்' என்று நினைத்து மாதக்கணக்கில் விடாதீர்கள். முதலில் குடும்ப மருத்துவரிடம் போனால் போதும். தேவையென்றால் அவர் தோல் நிபுணரிடம் அனுப்புவார்.

இந்த வாரமே செய்யுங்கள்

செயலியைப் பிள்ளையின் தொலைபேசியில் போடுங்கள். ஒரு கிரீமும் ஒரு தொப்பியும் அவர்கள் விருப்பப்படி வாங்குங்கள். அடுத்த விளையாட்டு நாளுக்கு முன் பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். வீட்டில் நிறத்தைப் பற்றிய பேச்சை இன்றே நிறுத்துங்கள். பிள்ளையை வெயிலிலிருந்து ஒளித்து வைக்க வேண்டாம். ஓடட்டும், விளையாடட்டும், எண் 3-ஐத் தாண்டிய நாளில் மைதானத்தில் நீண்ட நேரம் நிற்கப் போகிறவர் சட்டையும் தொப்பியும் கிரீமுமாகப் போகட்டும்.